ஏரோப்பிளேனுக்கு வால் தைத்த கதை

1

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மகள் ரோசலின் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். குழம்பு வாசனையை மீறிக்கொண்டு, கனிந்து அழுகப்போகிற வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தேனாம். அவள் கையிலிருந்த சீசாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேனாம். "வெளிய ஓடு, வெளிய ஓடு" என்று கத்திக்கொண்டே அவளை வாசலுக்கு இழுத்தேனாம். எனக்கு நினைவு தெளிந்தபோது படிக்கட்டில் நின்றிருந்தேன். அவளுடைய மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்தன. எதிர்வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட்ஸ் ஜஸ்ட் நெயில் பாலிஷ், மம்மி!" என்றாள் ரோசலின். கண்ணில் தண்ணீர் தேங்கியிருந்தது. அடுத்தாற்போல் அவளுக்குத் தெரிந்த தமிழில், "உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

என்ன ஆச்சு என்று சொல்ல வேண்டுமானால் திண்டிவனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களில் சிலருக்கு அந்த ஏரோப்பிளேன் நினைவிருக்கும். ஏரியிலிருந்து கிளம்பி மாடுகளைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள்கூட இருப்பார்கள். அதற்கு வால் தைத்தவள் நான்தான்.

2

சிங்கப்பூரில் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இங்கே எல்லோரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த சீனக் குமாஸ்தா பிறந்த ஊரைக் கேட்டார். திண்டிவனம் என்றேன். அவர் எழுதியதைப் பார்த்தால் டின்னில் அடைத்த ஏதோ பண்டத்தின் பெயர் மாதிரி இருந்தது. இந்தியாவில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஏரோப்பிளேன் தைத்தேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு வீட்டுவேலை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

எதிர்வீட்டு அம்மாவோடு நடந்தது இன்னொரு கூத்து. மலாய் மொழியில் கப்பல் என்றால் கப்பல்தான். அதோடு ஒரு சொல்லைச் சேர்த்தால் பறக்கிற கப்பல், அதாவது விமானம். என் வீட்டுக்காரருக்கு எங்கே வேலை என்று அவள் கேட்டபோது அந்த இரண்டாவது சொல் எனக்கு வாயில் வரவில்லை. கப்பல் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவர் தினமும் சைக்கிளில் வீடு திரும்புவதைக் கண்ணால் பார்த்தும், கடலில் காற்று பலமாக அடிக்கிற நாளெல்லாம் என்னிடம் வந்து துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, கவலைப்படாதே என்று தேற்றிவிட்டுப் போவாள். பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. கவலை எனக்கு உண்மையாகவே இருந்தது. அவர் வெள்ளைக்காரர்களின் விமானப்படைத் தளத்தில் வேலை செய்கிறார். காலையில் அவர் சைக்கிளில் ஏறியதிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை என் காது வாசலிலேயேதான் இருக்கும்.

3

என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம். அப்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிய பஸ் ஒன்றில் மெக்கானிக். நான் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தையல் கற்று, அங்கேயே சின்னப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ரோசலினுக்கு ஆறு வயசு.

விழுப்புரம் ரயில்வே காலனியில் கிரேசன் துரை என்று ஒரு இன்ஜின் டிரைவர் இருந்தார். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். மெட்ராஸில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற கிளப்பில் போய்ச் சில தடவை பறந்துவிட்டு வந்தவர். அந்த ஆசை தீராமல், இங்கிலாந்திலிருந்து ஒரு குட்டி ஏரோப்பிளேனைப் பாகம் பாகமாகப் பெட்டியில் வரவழைத்தார். மரச்சட்டம், துணி, பசைப்பொடி, கம்பி எல்லாம் உள்ளே இருக்கும். வரைபடத்தைப் பார்த்து நாமே கூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஸ் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்க்கிற ஆள் ஒருவர் திண்டிவனத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இவரைத் தேடி வந்தார். வந்த அன்றைக்கே இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டார்கள்.

உடம்பும் இறக்கைகளும் துரையின் வீட்டுக் கொல்லையில் தயாராயின. வாலுக்கு வந்தபோது காலனி அதிகாரி தடுத்துவிட்டார். இறக்கைத் துணிக்குப் பூசிய மருந்து சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. பக்கத்திலேயே இன்ஜின் ஷெட். நாள் முழுக்கப் புகைபோக்கியிலிருந்து நெருப்புப் பொறி பறக்கிற இடம். மிச்ச வேலையை வேறெங்காவது வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

"நம்ம ஊட்டுல வெச்சிக்கலாம் சார். எங்க ஊட்டுக்காரி நல்லா தெப்பா" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கேட்கவே இல்லை.

வாலின் சட்டங்கள் பஸ்ஸின் மேல்கூரையில் கட்டப்பட்டு வந்தன. விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்து, "இன்னா கண்டக்டரே, தேருக்குச் சட்டமா?" என்று கேட்டாராம். கண்டக்டர், "ஆமாங்க, மானத்துல ஓடற தேரு" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் கொண்டுவந்து சாய்த்து வைத்தபோது, மீனைத் தின்றுவிட்டு வைத்த முள்ளு மாதிரி இருந்தது. விரல் தடிமன்கூட இல்லாத மரக்குச்சிகள். பால்பொடியில் செய்த பசையில் ஒட்டியிருந்தார்கள். இதன்மேல் மனுஷன் போவானா?

துரை எனக்கு விளக்கினார். வாலில் இரண்டு பாகம். செங்குத்தாக நிற்பது பிளேனை இடம் வலம் திருப்பும். இரண்டு பக்கமும் படுத்தாற்போல் விரிந்திருப்பதன் பின் ஓரம் ஏறினால் மூக்கு ஏறும், இறங்கினால் இறங்கும். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடி, ஒவ்வொரு குச்சியோடும் துணியைச் சேர்த்துத் தைத்து, மேலே மருந்து பூசி, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும்.

"லூர்தம்மா, றெக்கை கொஞ்சம் கிழிஞ்சா ஆடிக்கினே எறங்கிடலாம்" என்றார் அவர் தன் தமிழில். "வாலு கிழிஞ்சா எறங்கறது இல்லை. உழுறதுதான். மண்டை குப்புற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

தைக்கிற முறை இப்படி. சட்டத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, துணிக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் வீட்டுக்காரரும் உட்கார வேண்டும். மெழுகு தடவிய நூலை நீள ஊசியில் கோத்து நான் குத்தி அனுப்புவேன். அவர் அதை வாங்கி, குச்சியைச் சுற்றி, எனக்குத் திருப்பி அனுப்புவார். நான் இழுத்து முடிச்சுப் போடுவேன். நடுவில் துணி இருப்பதால் அவர் முகம் எனக்குத் தெரியாது. ஊசி மட்டும் போகும், வரும். அவர் நடுநடுவே, "இன்னா மே, தூங்கிட்டியா?" என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் மாதாவை வேண்டிக்கொண்டிருப்பேன். இறுக்கினால் துணி அறுந்துபோகுமோ, தளர்த்தினால் காற்றில் பிய்ந்துபோகுமோ என்று போட்ட முடிச்சைத் தடவித் தடவிப் பார்ப்பேன். பள்ளியில் பாவாடை தைத்துக் கொடுத்து, ஓரம் பிரிந்தால் அந்தப் பெண் மறுநாள் வந்து காட்டுவாள், திருப்பித் தைத்துக் கொடுப்பேன். இது பிரிந்தால் யார் வந்து காட்டப்போகிறார்கள்?

தையலாவது தேவலை. மருந்து பூசிய நாட்கள்தான் என்னை உலுக்கிவிட்டன. தகர டப்பாவைத் திறந்ததுமே வீடு முழுக்க அந்த வாழைப்பழ வாசனை. முதலில் இனிப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும். நெருப்பு இருக்கவே கூடாது என்பதால் எங்கள் அடுப்பு அணைந்தே கிடந்தது. தெருக்கோடியில் இருந்த என் அக்கா வீட்டில் கேப்பைக் கூழைக் காய்ச்சிச் சட்டியோடு தூக்கி வருவேன். அவர் உள்ளே தூரிகையால் பூசிக்கொண்டிருக்க, நான் வாசலில் காவல் நிற்பேன். பீடியோடு யார் நடந்து போனாலும் ஓடிப்போய்க் கும்பிடுவேன். "அண்ணே, அந்தாண்ட போய்க் குடிங்கண்ணே, ஊட்டுல கொழந்த இருக்குது."

ஒருநாள் பக்கத்து வீட்டில் கறி சமைக்க அடுப்பு மூட்டினார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. நடுச்சுவர் ஓலைத் தட்டிதான். ஒரு பொறி அதன்மேல் வந்து விழுந்து, கறுத்து, அணைந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் ரோசலினைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிக் கோவில் வரைக்கும் ஓடினேன். நிற்கவே இல்லை. அவர் பின்னாலேயே தூரிகையோடு ஓடி வந்தார். "ஒண்ணும் ஆவல மே, ஒண்ணும் ஆவல" என்றார். அவர் உடம்பிலேயே அந்த வாசனை அடித்தது. அவர் கிட்டே வர வரப் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நகச்சாயத்திலும் அதே சரக்கின் இனம்தான் இருக்கிறதாம். ரோசலின் கடையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்.

5

மருந்து காய்ந்ததும் துணி மேளத்தோல் மாதிரி இறுகிவிட்டது. சுண்டினால் டங்கென்று சத்தம் வரும். எல்லாம் அடைத்தாயிற்று, இனிமேல் இதில் எனக்கு வேலை இல்லை என்று நினைத்தபோது, வாலை நகர்த்தி வைக்கத் தூக்கினோம். உள்ளே ஏதோ உருண்டது. கடகட என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் நின்றது.

"காய்ஞ்ச பசை. கட்டி தட்டி உழுந்திருக்கும்" என்றார் அவர்.

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு? பார்த்தீங்களா?"

"வேற இன்னாத்த இருக்கும்? உட்டுடு."

"அறுத்துப் பாருங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு நாள் வேலை. மிச்சத் துணி கொஞ்சம்தான். மருந்து டப்பாவின் அடியில்தான் இருந்தது. "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். உன்னாண்ட குடுத்ததே தப்பு" என்று கத்தினார். நானும் விடவில்லை. அறுக்காமல் இந்த வாலை எடுத்துக்கொண்டு இந்த வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று குறுக்கே நின்றுகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதற்கு நான் குறுக்கே நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் துரை வந்தார். வாலைத் தூக்கிச் சாய்த்தார். சத்தத்தைக் கேட்டார். இன்னொரு தடவை சாய்த்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"அறு, ஆரோக்கியம்" என்றார். "இன்னா இருக்குதுன்னு தெரியாம நான் மேல போக மாட்டேன்."

என் வீட்டுக்காரர் பிளேடால் அறுத்தார். கை விட்டுத் துழாவினார். எடுத்துக் காட்டியபோது உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது.

மூன்று பேரும் ரோசலினைப் பார்த்தோம். துணி போர்த்துவதற்கு முன்னால் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் தினமும் கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "அது என்னுது" என்று ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனாள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் அறுத்த இடத்தை மறுபடி தைக்க உட்கார்ந்தேன். இதை ஒருத்தரும் கேட்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு ஊசியோடு சேர்ந்து உள்ளே போய்ப் போய் வந்தது. புளியங்கொட்டைக்குப் பதில் ஒரு திருகாணி இருந்திருந்தால்? அது கம்பி ஓடுகிற இடத்தில் போய்ச் சிக்கியிருந்தால்? சிரிக்கிறவர்களைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

6

கோடையில் ஏரி வற்றி, மண் கெட்டிதட்டி, மைதானம் மாதிரி கிடந்தது. பாகங்களை வண்டியில் கொண்டுபோய் ஏரிக்குள்ளேயே வைத்து ஒன்றாகப் பூட்டினார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஊர் பாதி கரைமேல் வந்து நின்றுவிட்டது. மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கிறவன்கூட வந்துவிட்டான்.

அன்றைக்குப் பறப்பதாகப் பேச்சே இல்லை. தரையில் ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான். வேகம் எடுக்கும்போது வால் தரையை விட்டு எப்படிக் கிளம்புகிறது என்பதைத் துரை வெளியே நின்று கவனிக்க வேண்டும். அதனால் என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். இவருக்குப் பறக்கத் தெரியாது. பிளேனைத் திருப்புகிற கம்பை எந்தப் பக்கம் அசைத்தால் என்ன ஆகும் என்று துரை வாயால் சொல்லிக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் தெரியாது.

"ஓட்டு. ஆனா இழுக்காதே. கம்பை இழுக்கவே இழுக்காதே, மேல ஏறிடும்" என்று துரை விரலை ஆட்டிச் சொன்னார்.

நான் கரையிலிருந்து இறங்கி ஓடிப்போய் என் வீட்டுக்காரர் கையைத் தொட்டேன். "வாணாங்க. அவரே உக்காரட்டும். நீங்க எறங்கிடுங்க."

"தரையிலதானே மே ஓடப்போகுது. மாட்டு வண்டி மாதிரி" என்றார்.

முதல் தடவை ஓட்டித் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாகப் போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை போகும்போது வால் தரையை விட்டு எழுந்தது. துரை கையைத் தட்டினார். அந்த நேரம் ஏரியின் அந்தக் கோடியிலிருந்து மாடுகள் உள்ளே இறங்கின. இன்ஜின் சத்தத்தில் மிரண்டு, கலைந்து, நேராக அவருக்கு முன்னால் குறுக்கே ஓடின. மாட்டுக்காரன் கத்துவது எங்களுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

அவர் இழுத்துவிட்டார்.

பிளேன் மாடுகளுக்கு மேலே ஏறியது. சக்கரத்துக்கும் மாட்டின் கொம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று கரைமேல் நின்றவர்கள் பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு மாடும் தெரியவில்லை, சக்கரமும் தெரியவில்லை. வாலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலும் கீழுமாக அடித்துக்கொண்டது. என் தையல்தான் பிய்கிறது என்று நினைத்தேன். பிளேன் கரையைத் தாண்டியது. பனைமரங்களைத் தாண்டியது. விக்கிரவாண்டிப் பக்கம் திரும்பி, சின்னதாகி, மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

துரை என் பக்கத்தில் நின்று, "வாலு புடிச்சிக்கும், லூர்து. வாலு புடிச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் கண் எங்கேயோ இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

7

பஸ் கம்பெனி டிரைவர் வண்டியை எடுத்தார். நானும் துரையும் ஏறினோம். ரோசலினை அக்காவிடம் விட்டுவிட்டேன். ரோட்டில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டோம். ஒரு ஆடு மேய்க்கிற பெண், "போச்சும்மா, எங்க தலைய இடிக்கற மாதிரி போச்சு. அந்தாண்ட கொல்லைப் பக்கம்" என்று கை காட்டினாள்.

"வுழுந்துச்சா?" என்று துரை கேட்டார்.

"எனக்கு இன்னாத்த தெரியும்? நான் குனிஞ்சிக்கினேன்."

மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் அது கிடந்தது. மூக்கு வரப்பில் குத்தி, சக்கரம் ஒடிந்து, ஒரு இறக்கை மடங்கி இருந்தது. வால் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து முழுசாக நின்றது. ஆள் இல்லை. நான் பார்த்த முதல் பார்வையில் அங்கே ஆள் இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தாண்ட, இந்தாண்ட!" என்று ஒரு குரல் கேட்டது. வேப்பமரத்து நிழலில் கொல்லைவேலைப் பெண்கள் கூடி நின்றார்கள். நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். ஒருத்தி முந்தானையைக் கிழித்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சொம்பில் தண்ணீரோடு நின்றாள். அவருக்கு அதை வாங்கிக் குடிக்க முடியவில்லை. அவளே வாயில் ஊற்றினாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

"சுச்சு எங்க இருக்குதுன்னு மறந்துட்டேன் மே" என்றார். "இன்ஜின நிறுத்தற சுச்சு."

அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றது பற்றி அப்போது வெட்கம் வரவில்லை. துரை பிளேனிடம் போகவே இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து அழுதார்.

8

மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் இதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவருக்கு எரிச்சலைக் கொடுத்தது.

"பறந்தியா, இல்லியா?"

"பறக்கலீங்க ஐயா. தரையில ஓட்டிக்கினு இருந்தேன். மாடு வந்துச்சு. அதுவா ஏறிடுச்சு."

"எவ்ளோ ஒசரம்?"

"பனைமரத்துக்கு மேலங்க."

"அப்ப பறந்திருக்க. லைசென்சு?"

அவரிடம் லைசென்ஸ் ஏது? துரை இங்கிலீஷில் பேசி அன்றைக்கு விடுவித்துவிட்டார். ஆனால் காகிதம் நகர ஆரம்பித்துவிட்டது. தாலுகா ஆபீஸுக்கு வா, கடலூருக்கு வா என்று ஆள் வரும். ஒவ்வொரு தடவையும் அவர் மாற்றுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். உள்ளே வைத்துவிடுவார்களோ என்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு ஆபீஸில் வண்டி என்று எழுதினார்கள். இன்னொன்றில் எந்திரம் என்று எழுதினார்கள். கொல்லைக்காரர் வரப்பு உடைந்ததற்கு மனு கொடுத்தார். மாட்டுக்காரன் பசு பால் சுரக்கவில்லை என்று மனு கொடுத்தான். அந்தச் சமயத்தில்தான் யுத்தம் மூண்டது. வானத்தில் போகிற எதைக் கண்டாலும் சர்க்கார் சந்தேகப்படுகிற காலம். ஒடிந்த பிளேனை மூட்டை கட்டி எடுத்துப்போய்விட்டார்கள். துரையை எங்கேயோ வடக்கே மாற்றினார்கள். பஸ் கம்பெனி முதலாளி, உனக்காக நான் போலீஸுக்குப் பதில் சொல்ல முடியாது என்று இவரை நிறுத்திவிட்டார்.

விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எதற்கோ அந்த வாலைச் சுண்டிப் பார்த்தாராம். இதை யார் செய்தது என்று கேட்டாராம். கேஸ் அப்படியே தேய்ந்துபோயிற்று. கொஞ்ச நாளில், பெங்களூரில் யுத்த விமானங்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறைக்கு வேலைக்கு வரச் சொல்லி இவருக்குக் கடுதாசி வந்தது. யுத்தம் முடிந்ததும் அங்கிருந்த சிலரைச் சிங்கப்பூர் தளத்துக்கு அனுப்பினார்கள். நாங்களும் கப்பல் ஏறினோம். வந்த புதிதில் ரோசலின் தமிழ்ப் பெண்களோடுதான் பள்ளிக்கூடம் போனாள். பிறகு கான்வென்ட். இப்போது ஜெபத்தைக்கூட இங்கிலீஷில்தான் சொல்கிறாள். திண்டிவனம் என்று அவள் சொன்னால் அந்தச் சீனக் குமாஸ்தா எழுதின மாதிரியே இருக்கிறது.

9

நான் சீசாவை வீசிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரோசலின் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். புளியங்கொட்டையைச் சொன்னபோது, "நோ!" என்றாள். அவளுக்கு அது சுத்தமாக நினைவில்லை. ஏரியும் நினைவில்லை. கூட்டமும், யாரோ இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்ததும் மட்டும்தான் நினைவிருக்கிறதாம். அது என் அக்கா.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "டாடி, இது ட்ரூவா? உங்களுக்குப் பயமா இல்லையா?"

இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவராக எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். என் தையல் எங்கேயாவது விட்டுக்கொடுத்திருந்து, அதை அவர் எனக்காக மறைத்து வைத்திருந்தால்?

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏறினவொடனே பின்னாலதான் திரும்பிப் பார்த்தேன். வாலு இருக்குதான்னு" என்றார்.

"என் தையல் மேல அவ்ளோ நம்பிக்கை" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"அதில்ல மே. இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கினே இருந்தேன்." அவர் கையை நிறுத்தினார். "மேல போனா ஒண்ணுமே தெரிஞ்ச மாதிரி இல்ல. ஏரி நம்ம ஏரி மாதிரி இல்ல. ரோடு நம்ம ரோடு மாதிரி இல்ல. என் கையே என் கை மாதிரி இல்ல. அப்படி ஒரு பயம். திரும்பினா நீ தெச்சது தெரியுது. அங்க எனக்குத் தெரிஞ்ச பொருளு அது ஒண்ணுதான். அதையே பார்த்துக்கினு இருந்துட்டேன். வரப்பு வந்ததைப் பார்க்கல."

கீழே தெருவில் ஐஸ் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அப்போ மம்மியாலதான் வுழுந்தீங்களா?" என்று ரோசலின் கேட்டாள். முழுக்கத் தமிழிலேயே கேட்டாள்.

"ஆமா" என்றார் அவர், தட்டை என் பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டே.